என் குரலில் போன அறிவிப்பு

செப்டம்பர் 11, திங்கள்

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். வாசல் தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக என் பாய் வரை வருகிறது. செவலூரணியில் முதன்முதலில் எல்இடி பல்பு மாட்டியது எங்கள் வாசல் கம்பத்தில்தான். அப்பா தலைவரானதும் செய்த முதல் வேலை அது.

தப்பு. தலைவர் அம்மா. மாற்றி எழுதுகிறேன்: அம்மா தலைவரானதும் அப்பா செய்த முதல் வேலை அது.

சமூக அறிவியல் டீச்சர் மாநில அரசிலிருந்து கிராம ஊராட்சி வரை அட்டையில் வரைந்து வரச் சொல்லியிருந்தார். மேலே ஆளுநர். கீழே முதலமைச்சர், அமைச்சர்கள், தலைமைச் செயலாளர். அப்புறம் மாவட்ட ஆட்சியர். அங்கிருந்து படம் இரண்டு காலாகப் பிரிகிறது. ஒரு காலில் கோட்டாட்சியர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர். இன்னொரு காலில் ஊராட்சி ஒன்றியம், வட்டார வளர்ச்சி அலுவலர், கடைசியில் கிராம ஊராட்சி. அந்தக் கடைசிக் கட்டத்தில் 'தலைவர்' என்று எழுதிப் பச்சை வண்ணம் அடித்தேன்.

வகுப்பில் பக்கத்தில் இருக்கும் ஜெபக்கனி அதைப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டாள்: "அதுக்கு மேல உங்கப்பாவுக்கு ஒரு கட்டம் போடலையா?"

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவித்த அன்றே அப்பா அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டார். சுவரொட்டியில் அப்பா ஆளுயரத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அம்மா ஓரத்தில், தபால்தலை அளவில். ஜெயித்த பிறகு ஊரே அப்பாவைத் தலைவர் என்று கூப்பிடுகிறது. அம்மா, தலைவர் வீட்டம்மா. ஊராட்சி அலுவலகச் சாவி அப்பாவின் பைக் சாவியோடு ஒரே வளையத்தில் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். அலுவலகம் பூட்டியே கிடக்கும். சான்றிதழ் வேண்டுமா, தண்ணீர் வரவில்லையா, எதுவானாலும் எங்கள் வாசலுக்குத்தான் வர வேண்டும்.

இந்த நோட்டைக் கோலமாவு டப்பாவுக்குப் பின்னால் வைக்கிறேன். அப்பா அந்தப் பக்கம் போகமாட்டார்.

செப்டம்பர் 13, புதன்

இன்று நாய்த் தடுப்பூசி முகாம் அறிவிப்பு பேசினேன்.

ஊராட்சி அறிவிப்புகள் எல்லாம் என் குரலில்தான் போகும். ஏழாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் நான் மைக்கில் வாசித்ததைக் கேட்டதிலிருந்து அப்பா அப்படி வைத்துவிட்டார். அம்மாவின் போனில் பதிவு செய்வேன். அம்மா அதைச் சன்னாசி சித்தப்பாவுக்கு அனுப்புவாள். அவர் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். மாலையில் தன் ஆட்டோ மேல் ஒலிபெருக்கியைக் கட்டித் தெருத் தெருவாகப் போய்ப் போடுவார். வரி கட்ட, காய்ச்சல் முகாம், கிராம சபை, எல்லாம் நான்தான். சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் "ஊராட்சி மன்றத்தின் சார்பாக" என்று கத்துவார்கள்.

பேசி முடித்ததும் அப்பா ஏலக்காய் மிட்டாய் பொட்டலம் தந்தார். "எந்தாயி கொரலக் கேட்டா கலெக்டரே வண்டிய நிறுத்திருவாரு" என்று வந்தவர்களிடம் சொன்னார். அப்பாவுக்கு என்மேல் பாசம்தான். இதையும் எழுதத்தான் வேண்டும்.

செப்டம்பர் 15, வெள்ளி

ஜெபக்கனி மறுபடியும் முதல் பாடவேளை முடிந்துதான் வந்தாள். வெளியே நிறுத்திவிட்டார்கள். கீழத்தெருக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. தோட்டத்துக் கிணறு வரை போய் எடுத்துவந்துவிட்டு வருகிறாள். குழாய் கடைசியில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறாது என்று அப்பா சொல்வார். அதற்காகத்தான் கீழத்தெருவில் ஒரு மேல்நிலைத் தொட்டி கட்ட அனுமதி வந்திருக்கிறது.

சாயங்காலம் அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார்: "எடத்த மாத்தி ஒரு தீர்மானம். காந்தி ஜெயந்தி கிராம சபையில ஒரே நிமிசம். நம்ம தென்னந்தோப்பு ஓரத்துல வந்தா நமக்கும் ஆச்சு, மேலத்தெருவுக்கும் ஆச்சு."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தாள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

அம்மா கீழத்தெருவுக்குப் போனாள். தலைவரான பிறகு முதல் தடவை. யாரிடமும் சொல்லவில்லை. பால் வாங்கப் போகிறவள் போலத் தூக்குவாளியோடு போனாள். நானும் கூடப் போனேன்.

குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. ஆள் யாரும் இல்லை. ஜெபக்கனியின் அம்மா ஞானம்மாள் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தலைவர் வீட்டம்மாவா? வழி தவறி வந்துட்டீகளா?"

அம்மா குழாயைத் திறந்து பார்த்தாள். காற்று வந்தது. மூடினாள்.

"இது எப்ப கடைசியா வந்துச்சு?"

"ஓட்டுக் கேக்க வந்தீகள்ல, அன்னிக்கு" என்றாள் ஞானம்மாள்.

தூக்குவாளி காலியாகவே வீட்டுக்கு வந்தது. அப்பாவுக்கு அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள்.

ராத்திரி அம்மாவின் நெற்றி வீங்கியிருந்தது. வாசல்நிலையில் இடித்துக்கொண்டாளாம். எங்கள் வீட்டு நிலை அம்மாவுக்கு மட்டும் தாழ்வாக இருக்கிறது.

செப்டம்பர் 20, புதன்

காலாண்டுத் தேர்வு. தமிழ் எளிது.

நகம் கடிக்கக் கூடாது என்று நினைத்தேன். இரண்டு விரலில் நகமே இல்லை.

செப்டம்பர் 22, வெள்ளி

ஊராட்சி செயலர் இருளப்பன் மாமா கிராம சபைச் சுற்றறிக்கையைக் கொண்டுவந்து திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். அப்பா வெளியே போயிருந்தார். அம்மா எட்டாவது படித்தவள். இந்த மாதிரித் தாள்களை வாசிக்க நேரமாகும். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே என்னை வாசிக்கச் சொன்னாள்.

நான் அறிவிப்பு வாசிக்கிற மாதிரி வாசித்தேன். கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நடத்தாமல், ஊராட்சியின் எல்லாப் பகுதிகளிலும் மாற்றி மாற்றி நடத்தப்பட வேண்டும். இடத்தையும் நேரத்தையும் தலைவர் முடிவு செய்து முன்கூட்டியே மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

"திரும்ப வாசி."

வாசித்தேன்.

"யாரு முடிவு செய்யணும்னு போட்டிருக்கு?"

"தலைவர்."

"தலைவர் வீட்டுக்காரர்னு போடலல்ல?"

"போடலம்மா."

கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். கூட்டம் எப்போதும் மேலத்தெரு மந்தையில், கோவில் வேம்படியில்தான் நடக்கும். கீழத்தெருக்காரர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்கள். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா தலைவர் நாற்காலியில் இருப்பார். அம்மா பின்னால் நிற்பாள். தீர்மானங்களை இருளப்பன் மாமா மழை வருவதற்குள் முடிக்கிறவர் போல வாசிப்பார்.

செப்டம்பர் 24, ஞாயிறு

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் அப்பா அறிவிப்பைச் சொல்லி எழுத வைத்தார். அக்டோபர் இரண்டு, காலை பதினொரு மணி, மேலத்தெரு மந்தை. "பேசி அனுப்பிரு தாயி" என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்குப் போனார்.

அம்மா கதவைச் சாத்தினாள். போனை என் முன்னால் வைத்தாள்.

"எடத்த மாத்திச் சொல்லணும். கீழத்தெருக் கொழாயடி. உனக்குப் பயமா இருந்தா வேணாம்."

"உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"இருக்கு. அதான் உங்கிட்டக் கேக்கேன்."

நான் பயந்தவள். பல்லி விழுந்தாலே கத்துவேன். அப்பாவின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டால் நோட்டை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். ஆனால் ஜெபக்கனி வகுப்புக்கு வெளியே நிற்கும்போது உள்ளே இருந்து அவளைப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று முறை தப்பாகப் பேசினேன். நான்காவது சரியாக வந்தது. "செவலூரணி ஊராட்சி மன்றத் தலைவர் திருமதி வேலுத்தாய் அவர்களின் அறிவிப்பு" என்று தொடங்கினேன். இதுவரை எந்த அறிவிப்பிலும் அம்மாவின் பெயர் வந்ததில்லை. கடைசியில், யாரும் சொல்லித் தராத ஒரு வரியை நானே சேர்த்தேன்: "பெண்கள் அனைவரும் அவசியம் வந்து கலந்துகொள்ள வேண்டும்."

அம்மா அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். சன்னாசி சித்தப்பாவுக்கு அனுப்பினாள்.

செப்டம்பர் 25, திங்கள்

கணக்குத் தேர்வு முடிந்து வந்தேன். ஐந்து மணிக்கு ஆட்டோ கிளம்பியது. எப்போதும் மேலத்தெருவில் தொடங்கும். இன்று கீழத்தெருவில் தொடங்கியிருக்கிறது. அங்கே இரண்டு சுற்றுப் போய்விட்டுத்தான் எங்கள் பக்கம் வந்தது.

அப்பா வாசலில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார். என் குரல் வந்ததும் சிரித்தார். 'வேலுத்தாய்' என்று வந்ததும் தலையைச் சாய்த்தார். 'கீழத்தெரு' என்று வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

ஆட்டோவை மறித்தார். சன்னாசி சித்தப்பா கும்பிட்டார்.

"நான் கேக்கவே இல்ல அண்ணாச்சி. மதினி அனுப்புனாக, பாப்பா கொரலு, எப்பவும் போலப் போட்டுட்டேன்."

"நிறுத்துறா."

"எல்லாத் தெருவும் முடிஞ்சிருச்சே அண்ணாச்சி. இதான் கடைசித் தெரு."

செப்டம்பர் 26, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். எங்கள் வீட்டு நிலை எனக்கும் தாழ்ந்துவிட்டது.

செப்டம்பர் 27, புதன்

சமூக அறிவியல் தேர்வு. வலது கையில் கட்டு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வெளியே இருக்கின்றன, அது போதும். கதவிடுக்கில் நசுங்கியது என்று சொன்னேன். டீச்சர் கட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கூடுதலாகக் கொஞ்ச நேரம் தந்தார்.

ஐந்து மதிப்பெண் கேள்வி: கிராம ஊராட்சித் தலைவரின் பணிகளை எழுதுக. புத்தகத்தில் உள்ளதை எழுதினேன். குடிநீர், தெருவிளக்கு, சாலை, கிராம சபையைக் கூட்டுதல், அதற்குத் தலைமை வகித்தல். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டேன். வலித்தது. ஆனாலும் போட்டேன்.

செப்டம்பர் 28, வியாழன்

விடுமுறை தொடங்கிவிட்டது. அப்பா நேற்றும் இன்றும் என் அட்டையில் இருக்கிற கட்டங்களில் எல்லாம் ஏறி இறங்கிவிட்டு வந்தார். இருளப்பன் மாமா கூடப் போனார். அவர் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க வந்தபோது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கிராம நிர்வாக அலுவலர். "நான் வருவாய்த் துறை. பட்டா, சிட்டான்னா சொல்லுங்க. கிராம சபை எனக்குச் சம்பந்தமில்ல." அடுத்து தாசில்தார் ஆபீஸ். அவரும் அந்தக் கால்தான். ஒன்றிய ஆபீசுக்குப் போங்க என்றாராம். ஒன்றிய ஆபீசில் வட்டார வளர்ச்சி அலுவலர், பி.டி.ஓ. மேடம், கேட்டாராம்:

"இடத்தை யார் முடிவு பண்ணுனது?"

"தலைவர்தாம்மா."

"மாத்தணும்னா தலைவர்தான் மாத்தணும். கூட்டிட்டு வாங்க. நேர்ல சொல்லட்டும்."

"நான் அவ வீட்டுக்காரன்மா. நான் சொன்னாப் பத்தாதா?"

"நீங்க எந்த வார்டு உறுப்பினர்?"

இருளப்பன் மாமா இதைச் சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பைத் துடைத்தாரா தண்ணீரையா என்று தெரியவில்லை. எம்.எல்.ஏ. உதவியாளரிடம் பேசினார்களாம். அவர், பொம்பள விசயம், பேப்பர்ல வந்துரும், வீட்டுக்குள்ள முடிச்சுக்கங்க என்று போனை வைத்துவிட்டாராம்.

எங்கே ஏறினாலும் கடைசியில் அம்மாவின் கட்டத்துக்கே திரும்பி வருகிறது. நான் பச்சை அடித்த கட்டம்.

"ஒன்றிய ஆபீசுக்கு வா" என்றார் அப்பா.

அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். "வரல" என்றாள்.

செப்டம்பர் 30, சனி

அப்பா போனை என் முன்னால் வைத்தார். "எடம் மந்தைன்னு மாத்திப் பேசு."

நான் வாயைத் திறக்கவில்லை. பேசமாட்டேன் என்று சொல்லக்கூட இல்லை. சொல்லத்தான் பயம். சும்மா இருக்க அவ்வளவு பயம் இல்லை என்று இன்றுதான் தெரிந்தது. அம்மா வந்து எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அரிசி புடைத்தாள்.

கடைசியில் சன்னாசி சித்தப்பாவையே பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். சாயங்காலம் ஆட்டோ போனது. சித்தப்பாவுக்குக் கட்டைக் குரல். "கூட்டம்... மந்தைக்கு... மாற்றப்பட்டுள்ளது" என்று இழுத்தார். மேலத்தெருவில் பாதிப் பேர் பழைய இரும்பு எடுக்கிற வண்டி என்று நினைத்துவிட்டார்கள். அன்னக்கொடி அத்தை ஓட்டைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவின் பின்னால் ஓடிவந்தாள்.

"இதுக்கு எம்புட்டுத் தருவ?"

"மதினி, இது ஊராட்சி அறிவிப்பு."

"போடா. ஊராட்சின்னா எங்க ரஞ்சனி பேசும்."

இரண்டு வருடமாக அப்பாதான் ஊரை அப்படிப் பழக்கியிருக்கிறார்.

அக்டோபர் 1, ஞாயிறு

அப்பா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னார்: "நாளைக்கு நீ அங்க போய் உக்காந்தா, இவ படிப்பு இன்னையோட சரி. எங்கக்கா மகன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

எனக்குப் பதினான்கு வயது.

அம்மா என்னைப் பார்த்தாள். இந்த ஒரு இடத்தில் அம்மா நின்றுவிடுவாள் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் எழுந்து போய், கொடியிலிருந்த அம்மாவின் நீலப் புடவையை எடுத்து மடித்து, அவள் தலைமாட்டில் வைத்தேன். நாளைக்குக் கட்ட.

வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. விளக்கு வெளிச்சம் போதவில்லை. கண் எரிகிறது.

அக்டோபர் 2, திங்கள்

நாங்கள் பத்து மணிக்கே போய்விட்டோம். குழாயடியில் ஞானம்மாள் தார்பாய் விரித்திருந்தாள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்று தலைவருக்கு, ஒன்று கூட்டத்தைக் கண்காணிக்க ஒன்றியத்திலிருந்து வந்திருந்த பற்றாளருக்கு. அவர் சின்ன வயசுக்காரர், பையை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தை எட்டிப் பார்த்தபடி இருந்தார்.

அம்மா நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். உட்கார்ந்தாள். நுனியில்தான். அப்புறம் கொஞ்சம் பின்னால் தள்ளி நன்றாக உட்கார்ந்தாள்.

கீழத்தெரு முழுக்க வந்தது. மேலத்தெருப் பெண்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அன்னக்கொடி அத்தை முதலில் வந்தாள், பின்னால் ஒரு கூட்டமே வந்தது. "அவசியம் வரணும்னு சொன்னியே" என்றாள் என்னிடம், ஏதோ நான் வீட்டுக்கு வந்து கூப்பிட்டது போல.

அப்புறம் அப்பா, மேலத்தெரு ஆட்களோடு. நேராக நாற்காலியிடம் வந்தார். குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"எந்திரி."

அம்மாவின் கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தது. எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"செவலூரணி கிராம சபைக் கூட்டத்த, தலைவர் வேலுத்தாய் ஆகிய நான் தொடங்கி வைக்கேன். வந்தவங்க எல்லாரும் உக்காருங்க."

குரல் நடுங்கியது. ஒலிபெருக்கி அந்த நடுக்கத்தையும் பெரிதாக்கித் தெருவெல்லாம் கொண்டுபோனது.

அப்பா நின்றுகொண்டே இருந்தார். "நான் எங்க உக்கார?"

"மக்களோட. உங்களுக்கும் இங்க ஓட்டு இருக்கு" என்றாள் அம்மா.

அப்பா தார்பாயைப் பார்த்தார். ஞானம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"தலைவர் சொல்றாகல்ல, உக்காருங்கய்யா. தார்பாய் தொவச்சதுதான்."

யாரோ சிரித்தார்கள். அப்பா உட்காரவில்லை. அவரோடு வந்தவர்களில் சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்தார்கள். வெயில்.

தீர்மானத்தை அம்மாவே வாசித்தாள். விரலை வைத்து வரி வரியாக. நேரமானது. யாரும் எழுந்து போகவில்லை. புதிய மேல்நிலைத் தொட்டியை, அனுமதி வந்த அதே இடத்தில், கீழத்தெருவில் கட்டுவது.

"அங்க பாறை. தோண்ட முடியாது" என்றார் அப்பா, நின்ற இடத்திலிருந்தே.

"பாறையா இருந்தாத் தொட்டி கெட்டியா நிக்கும்" என்றாள் அம்மா. "சம்மதம்னா கை தூக்குங்க."

முதலில் ஒன்றும் இல்லை. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அன்னக்கொடி அத்தை தூக்கினாள். அப்புறம் ஞானம்மாள், அப்புறம் கைகளாகவே தெரிந்தது. எனக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் கட்டுப்போட்ட கையைத் தூக்கினேன். எண்ணிக்கொண்டு வந்த பற்றாளர் என்னைத் தாண்டிப் போனார். அப்பா தாண்டவில்லை. அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

ராத்திரி ஆகிவிட்டது. அம்மா என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. நான் எழுதுவதைப் பார்க்காதது போலத் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

அக்டோபர் 3, செவ்வாய்

பள்ளி திறந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா என் பையை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டு, அவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"போ" என்றாள்.

அப்பா, "நான் என்ன சொன்னேன்?" என்றார்.

"கேட்டுச்சு. அவ போகட்டும். மத்தத எங்கிட்டப் பேசுங்க."

போனேன். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் எந்தச் சத்தமும் வரவில்லை. ஜெபக்கனி இன்றும் தாமதம்தான். தொட்டி இன்னும் கட்டவில்லையே.

அக்டோபர் 6, வெள்ளி

இனி என் மகள் ஊராட்சிக்குப் பேசமாட்டாள் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். சாயங்காலம் அவர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வீட்டில் இல்லை.

தெருமுனையில் ஆட்டோ சத்தம். பழைய இரும்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். தலைவர் வேலுத்தாய் பேசுறேன்."

அப்பாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. காய்ச்சல் முகாம் பற்றிய அறிவிப்பு. 'துணை சுகாதார நிலையம்' என்ற இடத்தில் அம்மா தடுமாறினாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மறுபடி தடுமாறினாள். மூன்றாம் முறை தாண்டிவிட்டாள். அவளுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆட்டோ எங்கள் வாசலைக் கடக்கும்போது கடைசி வரி வந்தது. அது யாரும் எழுதித் தந்தது இல்லை. எனக்குத் தெரியும்.

"தண்ணி வரல, வெளக்கு எரியலன்னா எங்கிட்டச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு யாரும் வர வேணாம். ஊராட்சி ஆபீசுக்கு வாங்க. நான் அங்க இருப்பேன்."

அப்பா திரும்பிச் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆணியில் பைக் சாவி மட்டும் தொங்கியது.